ஓட்டை போட்ட நெகட்டிவையும் மறைக்காத காப்பகம்: காங்கிரஸ் நூலகத்தின் எஃப்எஸ்ஏ படத்தொகுப்பு

ஆவணப் புகைப்படத்தை எப்படிப் பார்ப்பது, எதை வைத்துக் குறை சொல்வது, எந்த இடத்தில் நியாயம் கேட்பது என்று பழக நினைப்பவர்களுக்கு முதலில் கைகாட்ட வேண்டிய இடம் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் எஃப்எஸ்ஏ–ஓடபிள்யூஐ படத்தொகுப்பு. 1930, 40களில் அமெரிக்க அரசுத் துறைகளுக்காக எடுத்த படங்கள் இவை. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சுமார் 1,75,000 கருப்பு வெள்ளை நெகட்டிவ்கள், 1,600 சொச்சம் வண்ண ஸ்லைடுகள். வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், விவரம் குறையாத பெரிய டிஃப் (TIFF) படக்கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.

படங்களின் எண்ணிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புகைப்பட விமர்சனம் என்றாலே ஒற்றைப் படத்தைத் திரையில் போட்டு, மூன்றில் ஒரு பங்கு விதி, கோடுகள் எங்கே போகின்றன, அடிவானம் சாய்ந்திருக்கிறதா என்று பேசி முடித்துவிடுகிறோம். அந்தப் பேச்சு தப்பில்லை, ஆனால் போதாது. எடுத்தவர் எங்கே நின்றார், எத்தனை முறை எடுத்தார், எதை வெளியே தள்ளினார், கீழே என்ன எழுதினார் என்பது தெரியாமல் ஆவணப் படத்தை எடைபோட முடியாது. பத்திரிகையோ கண்காட்சியோ போட்டியோ நமக்குக் காட்டுவது தேர்ந்தெடுத்த ஒரு ஃபிரேமை. இந்தக் காப்பகம் மீதி ஃபிரேம்களையும் காட்டுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935ல், அமெரிக்க அரசு மறுகுடியமர்வு நிர்வாகம் என்ற துறையைத் தொடங்கியது. 1937ல் அது விவசாயப் பாதுகாப்பு நிர்வாகமாக மாறியது. எஃப்எஸ்ஏ என்பது அதன் பெயர்ச்சுருக்கம். அதன் புகைப்படப் பிரிவுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். டோரோத்தியா லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டீன், ரஸல் லீ, மேரியன் போஸ்ட் வொல்காட், ஜாக் டெலானோ, கார்டன் பார்க்ஸ் எல்லாரும் அவருக்காக ஊர் ஊராகப் போனவர்கள். 1942ல் பிரிவு போர்ச் செய்தி அலுவலகத்தின் (ஓடபிள்யூஐ) கீழ் போனது. பிறகு மொத்தக் கோப்பும் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இது அரசுத் திட்டங்களுக்கு மக்கள் ஆதரவு திரட்ட எடுத்த படங்களின் குவியல். எந்த ஊரில் என்னென்ன எடுக்க வேண்டும் என்று ஸ்ட்ரைக்கர் பட்டியல் எழுதி அனுப்புவார். அந்த நோக்கம் தெரியாமல் பார்த்தால், படத்தின் குறையை எடுத்தவர் தலையில் மட்டும் கட்டிவிடுவோம்.

முதலில் லாங்கின் ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தைத் திறந்து பாருங்கள். 1936 பிப்ரவரி அல்லது மார்ச், கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊருக்குப் பக்கத்தில் பட்டாணி பறிப்பவர்களின் முகாம். எல்லாருக்கும் தெரிந்த படம். நடுவில் தாயின் முகம், கன்னத்தருகே உயர்ந்த கை, இரு தோள்களிலும் முகத்தைத் திருப்பிச் சாய்ந்த இரண்டு குழந்தைகள், மடியில் கைக்குழந்தை. பிள்ளைகளின் முகம் மறைந்திருப்பதால் பார்வை போக வேறு இடமே இல்லை. சுற்றிச் சுற்றித் தாயின் கண்ணுக்கே வருகிறது. பின்னால் கூடாரத் துணி மட்டும். இடமோ தூரமோ பிடிபடாது. கட்டமைப்பில் கை வைக்க இடமில்லாத படம்.

இப்போது அதே இடத்தில் லாங் எடுத்த மற்ற ஃபிரேம்களைத் திறக்க வேண்டும். இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். புகழ்பெற்ற படத்தின் எண் எல்சி-யுஎஸ்எஃப்34-9058-சி. ‘பக்கத்து எண்களைப் பார்’ என்ற வசதியை அழுத்தினால் மற்றவை வராது, ஏனென்றால் அவற்றின் எண்கள் 9090க்கு மேலே தள்ளிக் கிடக்கின்றன. எண்கள் பிறகு அலுவலகத்தில் போடப்பட்டவை. எடுத்த வரிசையை அவை சொல்லாது என்று நூலகமே எழுதி வைத்திருக்கிறது. இந்தப் படங்களுக்கென்று நூலகம் தனியாக ஒரு வழிகாட்டிப் பக்கம் வைத்திருக்கிறது, நேராக அங்கே போய்விடுங்கள்.

மற்ற ஃபிரேம்களில் ஒன்று தூரத்திலிருந்து எடுத்தது. கூடாரம் முழுதாகத் தெரிகிறது. பதின்வயது மகள் ஒருத்தி ஆடும் நாற்காலியில் இருக்கிறாள். நெருங்கி எடுத்தவற்றில் அவள் இல்லை. இன்னொன்றில் தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், ஒரு சிறுமி அவள் தோளில் மோவாயை வைத்துக் கேமராவைப் பார்க்கிறாள், பக்கத்தில் டிரங்குப் பெட்டி. நாற்காலி, பெட்டி, மூத்த மகள் என்று அந்தக் குடும்பத்துக்கென்று இருந்தவை ஒவ்வொன்றாக விளிம்புக்கு வெளியே போய், கடைசியில் தாய்மையும் கவலையும் மட்டும் மிஞ்சுகின்றன. கன்னத்தருகே உயர்ந்த கை அந்தப் புகழ்பெற்ற படத்தில்தான் வருகிறது.

கேமராவையும் கணக்கில் எடுக்க வேண்டும். லாங் பயன்படுத்தியது கிராஃப்ளெக்ஸ், 4×5 அங்குல நெகட்டிவ். மேலிருந்து குனிந்து பார்த்து ஃபோகஸ் செய்யும் கருவி. அதனால் லென்ஸ் எடுப்பவரின் நெஞ்சு உயரத்தில் நிற்கும். உட்கார்ந்திருக்கும் பெண்ணை மேலிருந்து அமுக்கிப் பார்க்கும் கோணம் வராது. ஒவ்வொரு முறையும் ஃபிலிமை மாற்ற வேண்டும் என்பதால் தொடர்ந்து சுட்டுத் தள்ளவும் முடியாது. அந்தச் சில ஃபிரேம்களுக்கு நடுவே லாங் அடியெடுத்து வைத்து நெருங்கியிருக்கிறார். தூரத்தை இழுத்துக் காட்டும் 300 மிமீ லென்ஸோடு சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து திருடியது இல்லை இது, எதிரே நின்று எடுத்தது. இதை லாங்கின் பக்கம் வைத்தே ஆக வேண்டும்.

எதிர்ப்பக்கமும் கனமானதுதான். வலது ஓரக் கீழ்மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கையின் கட்டைவிரல் முன்னால் மங்கலாக நீட்டிக்கொண்டிருந்தது. 1939ல் லாங் அதை நெகட்டிவிலேயே அழிக்கச் செய்தார். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. காப்பகத்தில் இரண்டு கோப்புகளும் இருக்கின்றன. பழைய அச்சிலிருந்து எடுத்ததில் விரல் தெளிவாகவே இருக்கிறது. நெகட்டிவிலிருந்து எடுத்ததில் விரல் இருந்த இடத்தில் ஒரு ஆவி போன்ற கறை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 100 சதவீதத்தில் பார்ப்பது, டச்சிங், அதாவது படத்தைக் கையால் திருத்துவது, பற்றி எழுதிய பத்துக் கட்டுரைகளுக்குச் சமம்.

விரல் அழித்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அது இந்தப் படத்தின் பெரிய தப்பு அல்ல. ஒரு துணை ஃபிரேமின் கேப்ஷனைப் படியுங்கள்: இந்தக் குடும்பம் சாப்பாடு வாங்குவதற்காகத் தங்கள் கூடாரத்தை அப்போதுதான் விற்றுவிட்டது என்று எழுதியிருக்கிறது. படங்களில் அவர்கள் கூடாரத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்! பல ஆண்டுகள் கழித்து லாங் எழுதியபோது கூடாரம் கார் டயர் ஆகிவிட்டது. டயர் எதையும் விற்கவில்லை என்று குடும்பத்தார் மறுத்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன், செரோக்கி வம்சாவளியினர் என்று உலகத்துக்குத் தெரியவந்தது 1978ல். தனக்கு அதில் ஒரு காசு வரவில்லை என்ற மனக்குறையோடு அவர் பேசினார். 1983ல் இறந்தார். 1998ல் அமெரிக்க அஞ்சல் துறை அந்த முகத்தை 32 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது. கட்டைவிரலை அழித்தது ஒரு அச்சின் அழகுக்கான வேலை. பொய்யான கேப்ஷனும் கேட்காத பெயரும் ஒரு மனுஷியின் வாழ்க்கையைத் தொட்டவை. விமர்சனக் கூட்டங்களில் பிக்ஸலைப் பற்றி ஒரு மணி நேரமும் கேப்ஷனைப் பற்றி ஒரு நிமிடமும் பேசுவதை நிறுத்த வேண்டும். கேப்ஷனும் ஃபிரேமின் ஒரு பக்கம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த வரிசைப் படங்கள் 1936 மார்ச் 10ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு நாளிதழில் வந்தன, முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது. படத்தால் நன்மை விளைந்ததா என்று கேட்டால், விளைந்தது. படத்தில் இருந்தவருக்கு விளைந்ததா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசக் கூடாது.

காப்பகத்தைப் பயன்படுத்தும் முறைக்கு வருவோம். எண்ணின் தலைப்பகுதி நெகட்டிவின் அளவைச் சொல்கிறது. யுஎஸ்எஃப்33 என்றால் 35 மிமீ. யுஎஸ்எஃப்34 என்றால் பெரும்பாலும் 4×5 அல்லது அதற்குச் சற்றுச் சிறியது. யுஎஸ்எஃப்342 என்றால் 8×10, வாக்கர் எவன்ஸ் கேமராவை முக்காலியில் நிறுத்தி எடுத்த படங்கள் பல இதில். இது தெரிந்தாலே பாதி நுட்ப விமர்சனம் தெளிவாகிவிடும். 8×10 கேமராவின் முன்னால் நிற்பவர் அசையாமல் நிற்கச் சம்மதித்து நிற்பவர். அங்கே ‘இயல்பாகப் பிடித்த கணம்’ என்று புகழ்வது அர்த்தமற்றது. 35 மிமீயில் எடுபட்டவருக்குத் தான் எடுபட்டதே தெரியாமல் இருக்கலாம். ஆகவே இரண்டுக்கும் கேட்க வேண்டிய அறக் கேள்விகள் வேறு வேறு.

அடுத்தது லாட் எண். 1940களில் பால் வாண்டர்பில்ட் என்பவர் இந்தக் கோப்பை ஒழுங்குபடுத்தியபோது, ஒருவர் ஒரே ஊரில் ஒரே வேலையாக எடுத்தவற்றை ஒரு லாட்டாகக் கட்டினார். எந்தப் படத்தைத் திறந்தாலும் அதன் விவரப் பகுதியில் லாட் எண் இருக்கும். அதைச் சொடுக்கினால் அந்தப் பயணத்தின் படங்கள் மொத்தமாக வரும். வரைபடத்தில் மாவட்டம் மாவட்டமாகப் பார்க்க வேண்டுமானால் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபோட்டோகிராமர் என்ற தளம் இன்னும் வசதி. ஒரு புகைப்படக்காரர் எந்த மாதத்தில் எங்கே இருந்தார் என்பது ஒரே பார்வையில் கிடைத்துவிடும். தேடலுக்கு ஃபோட்டோகிராமர், கோப்பை இறக்க நூலகத் தளம் என்று வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

லாட்டின் பயனை ராத்ஸ்டீனின் மாட்டு மண்டையோட்டுப் படங்களில் நன்றாகப் பார்க்கலாம். 1936 மே, தெற்கு டகோட்டா, பென்னிங்டன் மாவட்டம். வெடித்துப் பாளம் பாளமான தரையில் வெளுத்த மண்டையோடு. வறட்சியின் சின்னமாகப் பத்திரிகைகள் எடுத்தாண்ட படம். பக்கத்துப் படங்களைத் திறந்தால் அதே மண்டையோடு புல் முளைத்த தரையிலும் கிடக்கிறது. சுமார் 10 அடி நகர்த்தி வைத்ததாக ராத்ஸ்டீனே ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு ஆகஸ்டில், தேர்தல் நேரத்தில், அதிபர் ரூஸ்வெல்ட் அந்த வழியாகப் பயணம் வந்தபோது ஃபார்கோ நகர நாளிதழ் ஒன்று இதைப் போலி என்று போட்டு உடைத்தது. எதிர்க்கட்சிக்கு நல்ல தீனி.

கட்டமைப்பை மட்டும் பார்த்தால் வெடித்த தரைப் படம்தான் வெல்லும். விரிசல்களின் வலைக்கு நடுவே ஒற்றை வெள்ளை உருவம், ஓரத்தில் அடர்ந்த நிழல், கவனத்தைச் சிதறடிக்க எதுவும் இல்லை. நிழலைக் கவனியுங்கள். ஒவ்வொரு படத்திலும் அதன் நீளத்தையும் திசையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால், எடுத்தவர் அந்த எலும்பைச் சுற்றி எவ்வளவு நேரம் செலவிட்டார், எந்தப் பக்கம் திருப்பினார் என்பது புரிந்துவிடும். எந்தத் தொடர்படத்துக்கும் பொருந்தும் பயிற்சி இது. அளவுகோலும் பென்சிலும் போதும்.

நகர்த்தியது தப்பா என்று மட்டும் கேட்டு நின்றுவிட்டால் முக்கியமானது விட்டுப்போகும். அந்தப் பகுதியின் உவர்நிலம் மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் காய்ந்தால் வெடிக்கும். மாட்டு எலும்பும் அந்த மேய்ச்சல் நிலங்களில் எப்போதும் கிடப்பதுதான். ஆக, மண்டையோட்டைத் தொடாமலே எடுத்திருந்தாலும் ‘வறட்சியால் செத்தது’ என்று வாசகர் எண்ணியிருந்தால் அது தவறான எண்ணமே. மறுபுறம், அந்த ஆண்டு வறட்சி நிஜம், மக்கள் பட்ட பாடும் நிஜம். நிஜமான துன்பத்துக்குப் பொருந்தாத சான்றைக் காட்டியதுதான் ராத்ஸ்டீனும், படத்தை வெளியிட்டவர்களும் செய்த தப்பு. ஒரு போலிச் சான்று நூறு உண்மைச் சான்றுகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்பது அந்த ஆகஸ்டிலேயே நடந்து முடிந்தது.

காப்பகத்தின் மிக நேர்மையான பகுதி, கொல்லப்பட்ட நெகட்டிவ்கள். தொடக்க ஆண்டுகளில் ஸ்ட்ரைக்கர் தனக்கு வேண்டாத ஃபிரேம்களில், முக்கியமாக 35 மிமீ சுருள்களில், துளைக் கருவியால் ஓட்டை போட்டுவிடுவார். புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். 1930களின் இறுதிவாக்கில்தான் அந்தப் பழக்கம் நின்றது. நூலகம் அவற்றையும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. படத்தின் நடுவே கன்னங்கரேலென்று ஒரு வட்டம். நெகட்டிவில் ஓட்டை என்றால் ஒளி தடையில்லாமல் பாயும், பாசிட்டிவில் அந்த இடம் முழுக் கருப்பாகிவிடும். சிலவற்றில் வட்டம் ஒரு விவசாயியின் முகத்திலேயே விழுந்திருக்கிறது. பார்க்கும்போது வயிறு கலங்கும்.

இவற்றைத் தேடக் குறுக்குவழி உண்டு. ஒதுக்கிய ஃபிரேம்களுக்குக் கேப்ஷன் எழுதவில்லை, அதனால் பட்டியலில் ‘தலைப்பில்லாத படம்’ என்று இருக்கும். அதன் கூடவே, இன்ன படத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று பக்கத்துப் படத்தின் தலைப்பையும் சேர்த்திருப்பார்கள். எந்த மாநிலத்தின் பெயரோடும் ‘தலைப்பில்லாத’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினால் கொத்துக் கொத்தாக வரும். ஓட்டை விழுந்ததையும் அதன் பக்கத்தில் தப்பியதையும் இணை இணையாக வைத்து, ஏன் இது, ஏன் அது இல்லை என்று எழுதிப் பாருங்கள். பல சமயம் காரணம் எளிது: ஃபோகஸ் தவறியிருக்கும், கை அசைந்திருக்கும், ஒரே காட்சி இரண்டு முறை வந்திருக்கும். எல்லா ஓட்டையும் தணிக்கை என்று கதை கட்ட வேண்டாம். ஆனால் கூர்மையாக, ஒழுங்காக இருக்கும் ஃபிரேமில் ஓட்டை விழுந்து, அதில் உள்ளவர் சிரித்துக்கொண்டிருந்தால், தப்பியதில் அவரே வாடிய முகத்தோடு இருந்தால், அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. தேர்வு செய்பவரின் கையும் படத்தை எடுக்கிறது.

எல்லா வாட்ஸன் (Ella Watson) என்ற பெண்ணைப் பற்றிய கார்டன் பார்க்ஸின் தொடரை இதற்கு நேர் எதிராக வைத்துப் பார்க்க வேண்டும். 1942, வாஷிங்டன். அரசு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்த கருப்பினப் பெண். தொங்கும் அமெரிக்கக் கொடியின் முன்னால், ஒரு கையில் துடைப்பம், பக்கத்தில் தரை துடைக்கும் மாப், நேர்ப்பார்வை. அப்பட்டமாக நிற்க வைத்து எடுத்த படம். யாரும் அதைத் தற்செயல் என்று நினைக்க மாட்டார்கள். அதனால்தான் அதில் பொய் இல்லை. கேமராவை நிமிர்ந்து பார்க்கும் அவர், தான் எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கிறார்.

அந்த ஒற்றைப் படத்தோடு நிறுத்தாதீர்கள். பார்க்ஸ் வாரக்கணக்கில் அவர் பின்னாலேயே போயிருக்கிறார். வீடு, பேரப்பிள்ளைகள், வளர்ப்பு மகள், தேவாலயம் என்று அந்த வரிசையில் ஏராளமான படங்கள். வீட்டுக்குள் எடுத்த ஒன்றில் கதவுச் சட்டம் படத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் வளர்ப்பு மகள், மறுபக்கம் பிள்ளைகளோடு வாட்ஸன். ஒரே சட்டத்துக்குள் ஒரு குடும்பத்தின் தலைமுறைகள். கட்டமைப்பு வேலை செய்வது என்றால் இதுதான்: அழகுக்காக வைத்த சட்டகம் இல்லை, அந்த வீட்டின் நெருக்கடியை அளந்து காட்டும் சட்டகம். இங்கே கேப்ஷன்களில் அவர் பெயர் வருகிறது, திருமதி என்ற மரியாதையோடு. ஆறு ஆண்டுகளுக்கு முன் நிப்போமோவில் கேட்கப்படாத பெயரையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. கொடியின் முன்னால் நிற்கும் படத்தின் கேப்ஷன் மட்டும் பெயரை விட்டுவிட்டு அவரை வேலையின் பெயரால் குறிக்கிறது என்பதையும் கவனியுங்கள். தனியாகப் பறந்து உலகம் சுற்றியது அந்தப் படம்தான்.

ஃபிளாஷ் பற்றி அறிய ரஸல் லீ. இருட்டு வீடுகளுக்குள் கேமராவுக்குப் பக்கத்திலிருந்தே நேராக ஃபிளாஷ் அடிப்பார். முகத்துக்கு ஒட்டிப் பின்சுவரில் விழும் கறாரான நிழலை வைத்து அடையாளம் காணலாம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால் அருகில் இருப்பவர் வெளுத்தும், பின்னால் இருப்பவர் இருளிலும் போவார்கள். லீ பெரும்பாலும் ஆட்களை ஒரே தூரத்தில் வைத்தோ, சுவருக்கு அருகில் வைத்தோ இதைச் சமாளிக்கிறார். நேர் ஃபிளாஷ் அழகைக் கெடுக்கும் என்பார்கள். ஆனால் சுவரில் ஒட்டிய செய்தித்தாளின் எழுத்து, அலமாரியில் இருக்கும் டப்பா, மேசைத் துணியின் கிழிசல் எல்லாம் படிக்கும்படி கிடைப்பது அதனால்தான். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்திருந்தால் வறுமை கவிதையாகியிருக்கும், அலமாரியில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்காது. ஆவணத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

ஸ்கேன்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவை நெகட்டிவின் ஸ்கேன். எடுத்தவர் இருட்டறையில் போட்ட அச்சு அல்ல. விவரம் இழக்காமல் இருக்கப் பல கோப்புகள் சாம்பல் பூத்தாற்போல் தட்டையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ‘கான்ட்ராஸ்ட் போதவில்லை’ என்று எவன்ஸைக் குறை சொல்லக் கூடாது. நிறத்திண்மையைப் பேச வேண்டுமானால் அச்சிலிருந்து எடுத்த கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே சமயம் நெகட்டிவ் ஸ்கேனில் ஒரு லாபம்: பெரும்பாலும் ஃபிலிமின் விளிம்பு வரை தெரியும். புத்தகத்திலோ பத்திரிகையிலோ வந்த வடிவத்தை அதன் மேல் பொருத்தினால், எவ்வளவு வெட்டினார்கள், வெட்டியதில் யார் போனார்கள் என்று கோடு போட்டே காட்டலாம். சிறிய ஜேபெக்கை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. பட்டியலில் ஆகப் பெரிய டிஃப் கோப்பை எடுங்கள். ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும்; கைபேசியில் திறக்க முயன்றால் திணறும், கணினிதான் சரி.

குறைகளுக்கு வருவோம், இவை சின்னவை அல்ல. தேடல் அந்தக் காலக் கேப்ஷன் சொற்களில்தான் இயங்குகிறது. கருப்பின மக்களைக் குறிக்க இன்று யாரும் சொல்லாத சொற்கள் அதில் இருக்கின்றன. இன்றைய சொல்லைப் போட்டால் பாதிப் படங்கள் தப்பிவிடும். மனம் ஒப்பாவிட்டாலும் பழைய சொல்லையும் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. தேதியையும் அப்படியே நம்ப முடியாது, பல பதிவுகளில் மாதம் தோராயம். ‘தலைப்பில்லாத படம்’ ஒன்றுக்குக் கொடுத்திருக்கும் ஊகத் தலைப்பை உண்மை என்று எடுத்து எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அதைவிடப் பெரிய குறை, சர்ச்சைகள் அந்தந்தப் படத்தின் அருகிலேயே கிடைக்காதது. ராத்ஸ்டீனின் இன்னொரு புகழ்பெற்ற படம், ஓக்லஹோமாவின் சிமரன் மாவட்டத்தில் புழுதிப் புயலை எதிர்த்து ஒரு விவசாயியும் இரண்டு பையன்களும் நடப்பது. சின்னவனைப் பின்தங்கி வரச் சொல்லி, கையால் முகத்தை மறைக்கச் சொல்லி இயக்கியதாக அவரே 1940களில் எழுதினார். பிற்காலத்தில் வேறு மாதிரிச் சொன்னார். படத்தை மட்டும் திறப்பவருக்கு இது எதுவும் தெரியாது. நூலகம் லாங்கின் படத்துக்குச் செய்ததைப் போல, இப்படிப்பட்ட 20, 30 படங்களுக்காவது ஒரு குறிப்புப் பக்கம் இணைக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் காப்பகம் எதிர்த்திசையிலும் தவறுகிறது. 1936ல் அலபாமாவின் ஹேல் மாவட்டத்தில் எவன்ஸ் எடுத்த குத்தகை விவசாயக் குடும்பங்களுக்கு, எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியோடு சேர்ந்து 1941ல் கொண்டுவந்த புத்தகத்தில் புனைபெயர்கள் கொடுத்து மறைத்தார்கள். காப்பகத்தின் கேப்ஷன்களிலோ உண்மைப் பெயரே இருக்கிறது. லாங்கின் படத்தில் பெயர் இல்லாததைக் குறை சொன்ன அதே வாயால் இதையும் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். சொல்லலாம். அங்கே பெயரைக் கேட்கவே இல்லை. இங்கே மறைப்பதாக முடிவு செய்த பெயர் வெளியே நிற்கிறது. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் விட்டதுதான் இரண்டிலும் உள்ள தப்பு.

உரிமை பற்றி: அரசு வேலையாக எடுத்தவை என்பதால் பெரும்பாலானவற்றுக்குப் பதிப்புரிமைத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று நூலகம் குறிக்கிறது. அச்சிடலாம், கண்காட்சி வைக்கலாம், வகுப்பில் பயன்படுத்தலாம். படத்தில் உள்ளவர்களின் தனியுரிமை வேறு விஷயம், அதற்கு நாமே பொறுப்பு. எடுத்தாளும்போது நூலகத்தின் பெயர், பிரிவு, தொகுப்பு, முழு எண் நான்கையும் போடுங்கள். எண் இல்லாமல் பகிரும் படம் இரண்டு நாளில் வண்ணம் பூசி, கூர்மையேற்றி, வேறு ஊர் பெயரோடு திரும்பி வரும். அப்படி வந்ததை வைத்து விமர்சனம் எழுதியவர்களும் உண்டு. வண்ணத்தில் பார்க்க ஆசைப்பட்டால் இதே தொகுப்பில் கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்த அசல் ஸ்லைடுகள் இருக்கின்றன. 1940ல் நியூ மெக்ஸிகோவின் பை டவுனில் ரஸல் லீ எடுத்தவற்றிலிருந்து தொடங்கலாம்.

குழுவாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு லாட்டைத் தேர்ந்தெடுங்கள், 30 முதல் 40 படங்களுக்கு மேல் வேண்டாம். முதலில் கேப்ஷனை மறைத்துவிட்டு ஒவ்வொருவரும் ஐந்து படங்களை எடுக்கட்டும். பிறகு கேப்ஷனோடு இன்னொரு முறை தேர்வு. இரண்டு தேர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பேச வேண்டும். கடைசியாக, அந்த லாட்டில் ஓட்டை விழுந்த ஃபிரேம்களைத் திறந்து, ஸ்ட்ரைக்கர் நாற்காலியில் நீங்கள் இருந்தால் எவற்றைக் காப்பாற்றியிருப்பீர்கள் என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் பிடிக்கும்.